வேலி கிழித்தால் ஆறு உள்ளே வரும்!

நியூசிலாந்தின் தென்தீவில், கிட்டத்தட்ட நிலம் முடிகிற இடத்தில் சவுத்லாந்து என்றொரு வட்டாரம். அதற்குள் கோர் என்று ஒரு சிற்றூர். நம் பக்கம் முச்சந்தியில் தலைவர் சிலை நிற்பதுபோல இங்கே மீன் சிலை நிற்கிறது. ஆளைவிடப் பெரிய பழுப்பு ட்ரவுட், வாலை வளைத்து எம்புகிற தோரணையில். 'பழுப்பு ட்ரவுட் பிடிப்பதற்கு உலகத் தலைநகரம்' என்று ஊர் தனக்குத்தானே பட்டம் கட்டிக்கொண்டிருக்கிறது. ஊரை ஒட்டி ஓடுகிற மட்டாரா ஆற்றைப் பார்த்தால் அந்தப் பட்டத்தோடு சண்டை போடத் தோன்றாது. கூழாங்கல் தரை, இரு கரையிலும் வில்லோ மரங்கள், அதற்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய மட்டும் புல். புல்லில் மாடும் ஆடும்.

என் அக்கா மகன் இந்த ஊருக்குப் பக்கத்தில் ஒரு கறவைப் பண்ணையில் வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்கப் போனது டிசம்பரில். அங்கே அது கோடை. ராத்திரி ஒன்பதரை மணிக்குத்தான் பொழுது சாய்கிறது. சாயங்காலக் கறவை முடித்து, கொட்டிலைக் கழுவிவிட்ட பிறகும் ஆற்றங்கரைக்குப் போக வெளிச்சம் மிச்சம் இருக்கிறது. அந்த நேரத்தில்தான் ஆற்றிலிருந்து ஈசல் மாதிரியான சிறு பூச்சிகள் கூட்டமாக எழும்பும், மீன்கள் மேலே வந்து கவ்வும். 'மட்டாராப் பைத்தியம்' என்கிற அர்த்தத்தில் அதற்கு உள்ளூரில் ஒரு பெயரே இருக்கிறது. பூச்சியைப் போலவே இறகும் மயிரும் கட்டிய தூண்டில் முள்ளை வீசிப் பிடிப்பதுதான் ஃப்ளை ஃபிஷிங். அதற்கு ஆற்றுக்குள் இறங்கி நிற்க வேண்டும். நிற்பதற்குப் போடுகிற உடுப்புக்குப் பெயர் 'வேடர்ஸ்'. நம் காதுக்கு வேட்டைக்காரர் என்று கேட்கும். தண்ணீரில் நடப்பவர் என்பதுதான் பொருள்.

இதை எழுதுவதற்குக் காரணம் வேறு. குட்டையில் மீன் வளர்க்கிற வாசகர்கள் கேள்வி-பதில் பகுதிக்கு அடிக்கடி எழுதுகிறார்கள். "வலை இழுக்கும்போது இடுப்பளவுத் தண்ணீரில் மணிக்கணக்கில் நிற்கிறோம். காலெல்லாம் புண். வெளிநாட்டில் நெஞ்சு வரைக்கும் போடுகிற ரப்பர் கால்சட்டை நமக்குச் சரிப்படுமா? எதை வாங்கினால் உழைக்கும்?" என்று கேட்கிறார்கள். அந்த உடுப்பிலேயே பொழுதைக் கழிக்கிற ஊரில் இரண்டு வாரம் இருந்ததால், பார்த்ததையும் விசாரித்ததையும் சொல்கிறேன்.

இந்த மீனை விற்க முடியாது

முதலில் ஒரு வேடிக்கை. பழுப்பு ட்ரவுட் அந்த மண்ணின் மீன் அல்ல. இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியாவுக்குப் போன முட்டைகளின் வழியாக, 1867-ல் நியூசிலாந்துக்கு வந்தது. வந்த மீன் நாட்டையே பிடித்துக்கொண்டது. ஆனால், அதை அங்கே விற்கக் கூடாது. பண்ணை வைத்து வளர்க்கவும் கூடாது. உரிமச் சீட்டு எடுத்து, பிடித்து, சாப்பிடலாம் அல்லது திரும்ப ஆற்றில் விடலாம். நம் இமாச்சலிலும் காஷ்மீரிலும் ட்ரவுட் வளர்ப்புக்கு அரசே ஊக்கம் கொடுக்கிறது என்று சொன்னால் அங்கே ஆச்சரியப்படுகிறார்கள்.

இன்னொரு விதியும் விவசாயி காதுக்குப் புதிது. ஆறு தன் நிலத்தை ஒட்டி ஓடினாலும், அதில் மீன் பிடிக்க விடுவதற்குப் பண்ணைக்காரர் காசு வாங்கக் கூடாது. சட்டம் அப்படி. அதனால் தூண்டில்காரர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "உங்கள் நிலம் வழியாக ஆற்றுக்குப் போகலாமா?" என்று கேட்கிறார்கள். பண்ணைக்காரர் தலையாட்டுவார். அல்லது, "மாடு கன்று போடுகிற இடம், இன்றைக்கு வேண்டாம்" என்பார். எழுதாத ஒரே நிபந்தனை, படல் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டும். திறந்திருந்தால் திறந்தே, மூடியிருந்தால் மூடியே. 'மூடிவிடுவது நல்லதுதானே' என்று நினைத்து ஒருவர் மூடிவிட்டால், அந்தப் பக்கம் மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி இல்லாமல் போகலாம்.

கிழிப்பது ஆறல்ல

அக்கா மகன் வேலை செய்யும் பண்ணையின் முதலாளி அறுபதைத் தாண்டியவர், தூண்டில் பிரியர். அவருடைய கொட்டகைச் சுவரில் நான்கு வேடர்ஸ் தலைகீழாகத் தொங்கின. நான்கும் நான்கு காலத்துச் சரக்கு. ஒன்றொன்றாக இறக்கிக் காட்டினார்.

முதலாவது ரப்பர். துணியின் மேல் ரப்பர் பூசி, பூட்ஸையும் சேர்த்தே வார்த்தது. 1839-ல் குட்இயர் ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தக் கண்டுபிடித்த பிறகுதான் இப்படியொரு உடுப்பே சாத்தியமாயிற்று. பெரிய கனம். ஆனால் முரடு. ஓட்டை விழுந்தால் சைக்கிள் டியூபுக்குப் போடுவதுபோல ஒட்டுப் போடலாம். வெயிலும் மடிப்பும்தான் இதற்கு எமன். மடித்து மூலையில் போட்டால் மடிப்பில் வெடிப்பு விடும்.

இரண்டாவது பிவிசி பூசிய நைலான். விலை குறைவு, ரப்பரைவிட எடை குறைவு. பண்ணை வேலைக்கு, தொட்டி கழுவ, வாய்க்கால் அடைப்பு எடுக்க அவர் இதைத்தான் வைத்திருக்கிறார். முழங்கால் மடங்கும் இடத்திலும் கவட்டிலும் பூச்சு தேய்ந்து முதலில் கசியும்.

மூன்றாவது நியோப்ரீன். கடலில் முக்குளிப்பவர்கள் உடை தைக்கிற பஞ்சு ரப்பர். 3 முதல் 5 மில்லிமீட்டர் கனம். குளிர்காலத்துக்கு உள்ளே அடுப்பு வைத்தது மாதிரி இருக்குமாம். நம் ஊருக்கு இது வேண்டவே வேண்டாம். அரைமணி நேரத்தில் ஆள் வெந்துவிடுவார்.

நான்காவதுதான் இப்போது எல்லாத் தூண்டில்காரர்களும் போடுவது, 'மூச்சு விடும் துணி'. 1969-ல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் ஒரு பிளாஸ்டிக்கை வெடுக்கென்று இழுத்து நீட்டியபோது, நுண்ணிய துளைகள் கொண்ட மெல்லிய படலம் கிடைத்தது. தண்ணீர்த் துளி அந்தத் துளையில் நுழைய முடியாது, வியர்வை ஆவி வெளியே போய்விடும். அந்தப் படலத்தை நைலான் துணிகளுக்கு நடுவே வைத்து மூன்று, நான்கு, ஐந்து அடுக்காக ஒட்டித் தைக்கிறார்கள். (ஊர்ப் பெயரும் துணிக்காரர் பெயரும் ஒன்றாக இருப்பது தற்செயல்தான். ஊருக்குப் பெயர் கொடுத்தவர் கோர் பிரவுன் என்ற பழைய ஆளுநர்.) நல்ல தரம் என்றால் பல நூறு டாலர்.

"எது ரொம்ப வருஷம் உழைத்தது?" என்று கேட்டேன். பெரியவர் பதில் சொல்லாமல் எங்களை வெளியே கூட்டிப்போய் வேலியைக் காட்டினார். முள்கம்பி. அதற்கு அந்தப் பக்கம் மஞ்சள் பூவோடு கோர்ஸ் என்ற முள்புதர். பிரிட்டனிலிருந்து வந்தவர்கள் உயிர்வேலிக்கென்று கொண்டுவந்து நட்டது, நாடு முழுக்கப் பரவி இன்று பெரிய தலைவலி. நம் சீமைக்கருவேலத்தின் கதைதான், வேறு மொழியில்.

அக்கா மகன் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னான். "மாமா, வேடர்ஸ் ஆத்துல கிழியறதே இல்லைங்களாம். ஆத்துக்குப் போற வழியில வேலி தாண்டும்போதுதான் கிழியுதாம். இவரு ஆத்துக்கிட்ட போயித்தான் மாட்டிக்குவாரு."

இந்த ஒரு பேச்சில் பாதி விஷயம் அடங்கிவிட்டது. விளம்பரத்தில் ஐந்து அடுக்கு, ஆறு அடுக்கு என்று எண்ணிக்கை சொல்வார்கள். தையல் எங்கே ஓடுகிறது என்று சொல்ல மாட்டார்கள். தொடையின் உட்புறம் தையல் இருந்தால், நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஒன்றோடொன்று உரசும். அங்கேதான் முதல் ஓட்டை. தையல் காலின் முன்பக்கமோ பின்பக்கமோ ஒதுங்கியிருக்க வேண்டும். தையலின் உட்புறத்தில் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். முழங்காலுக்கும் முழங்காலுக்குக் கீழும் இரட்டைத் துணி இருக்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் மூன்று அடுக்குத் துணியே பல பருவம் தாங்கும் என்பது அவர் கணக்கு. நான்கையும் தொட்டுப் பார்த்த பிறகு எனக்கும் அது சரியென்றே படுகிறது.

அளவும் முக்கியம். கடையில் போட்டுப் பார்த்தால், குத்தவைத்து உட்கார வேண்டும். பிறகு ஒரு காலைத் தூக்கி நாற்காலி மேல் வைக்க வேண்டும். கவட்டில் இழுத்தால் ஒரு அளவு பெரிதாக எடுக்க வேண்டும். ரொம்பத் தொளதொளவென்று இருந்தாலும் ஆகாது. மடிப்பு விழுந்து, மடிப்பே அறுத்துவிடும். நம் ஆட்கள் வெளிநாட்டு அளவில் ஆன்லைனில் வாங்கும்போது கால் நீளத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

உள்ளே ஈரமாக இருந்தாலே ஓட்டை என்று முடிவுகட்ட வேண்டாம் என்றும் சொன்னார். குளிர்ந்த தண்ணீரில் நிற்கும்போது நம் வியர்வையே உள்பக்கம் பூத்து நனைக்கும். கால் முழுக்கச் சீராக ஈரம் என்றால் வியர்வை. ஒரே இடத்தில் திட்டாக நனைந்தால் ஓட்டை. ரப்பரிலும் பிவிசியிலும் ஓட்டை கண்டுபிடிக்க, இருட்டறையில் உள்ளே டார்ச் அடித்தால் போதும், வெளியே நட்சத்திரம் மாதிரி தெரியும். மூச்சு விடும் துணிக்கு வேறு வழி. உள்பக்கத்தை வெளியே திருப்பி, மருந்துக் கடையில் கிடைக்கிற ஐசோபுரோபைல் ஆல்கஹால் தெளித்தால், ஓட்டை உள்ள இடம் மட்டும் கறுத்துப் புள்ளியாகத் தெரிகிறது. அங்கே யூரித்தேன் பசையை ஒரு சொட்டு வைத்து, ராத்திரி முழுக்கக் காயவிட்டால் வேலை முடிந்தது. இதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, கோடை உச்சத்தில் அவர் வேடர்ஸே போடுவதில்லை! ஒட்டிய மெல்லிய உள்கால்சட்டை, அதன் மேல் அரைக்கால் சட்டை, பூட்ஸ், அவ்வளவுதான். நனைந்துகொண்டே நிற்கிறார். அங்கே பலரும் அப்படித்தான்.

பூட்ஸின் அடியில் வந்த வினை

மட்டாராவுக்கு மேற்கே, அதே சவுத்லாந்தில், வையாவு என்று ஓர் ஆறு. அதன் கீழ்ப்பகுதியில் 2004-ல் ஒரு பாசியைக் கண்டுபிடித்தார்கள். பெயர் டிடிமோ. அதுவரை நியூசிலாந்தில் கண்டறியப்படாதது. கல்லில் பழுப்பாகப் படிந்து, கனத்துத் தொங்கும். பார்க்கச் சளி மாதிரி இருக்கும், தொட்டால் நனைந்த பஞ்சு மாதிரி. ஆற்றின் அடியைப் போர்வை போல மூடிவிடும். கல்லிடுக்கில் வாழ்கிற பூச்சி இனங்களே மாறிப்போகும். மீன் பூச்சியை நம்பி இருக்கிறது, ஊர் மீனை நம்பி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரே ஒரு செல் ஒரு துளித் தண்ணீரில் போனாலும் அடுத்த ஆற்றில் குடித்தனம் தொடங்கிவிடும். தென்தீவின் பல ஆறுகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. வடதீவை இதுவரை காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

பரவும் வழிகளில் முக்கியமான ஒன்றாக அவர்கள் பார்த்தது தூண்டில்காரர்களின் பூட்ஸ். அந்தக் காலத்தில் பூட்ஸின் அடியில் கம்பளி மாதிரியான ஃபெல்ட் ஒட்டியிருப்பார்கள். பாசி படிந்த கல்லில் அதைப்போல வழுக்காத அடி வேறு இல்லை. ஆனால், அது தண்ணீரை உறிஞ்சி நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். பாசிக்கு அதைவிட வசதியான வண்டி கிடைக்குமா? 2008 அக்டோபரிலிருந்து நாடு முழுக்க ஆறு, ஏரிகளில் ஃபெல்ட் அடிக்குத் தடை போட்டுவிட்டார்கள். இப்போது எல்லாருக்கும் ரப்பர் அடிதான். வழுக்கும் இடத்துக்கு அதில் இரும்பு ஆணி முளைகளைத் திருகிக்கொள்கிறார்கள்.

ஆற்றுக்குப் போகும் பாதையில் 'பார், கழுவு, காயவை' என்று பலகை இருக்கிறது. ஒட்டியிருக்கும் பாசியையும் சேற்றையும் அங்கேயே எடுத்துப் போட வேண்டும். 5 சதவிகிதப் பாத்திரம் துலக்கும் திரவத்தில், அதாவது அரை லிட்டர் திரவத்தோடு 10 லிட்டர் வரும்வரை தண்ணீர் சேர்த்து, ஒரு நிமிடம் எல்லா இடமும் நனையும்படி கழுவ வேண்டும். அல்லது, உள்ளும் புறமும் தொட்டுப் பார்த்தால் ஈரமே இல்லாத அளவுக்குக் காயவிட்டு, அதற்குப் பிறகும் 48 மணி நேரம் வைக்க வேண்டும். விமான நிலையத்திலும் இதே கெடுபிடி. வெளியூர் மண் ஒட்டிய பூட்ஸையோ தூண்டில் சாமானையோ சொல்லாமல் கொண்டுபோனால், நின்ற இடத்தில் 400 டாலர் அபராதம்.

"நம்மூருல இதைச் சொன்னா சிரிப்பாங்க மாப்ளே" என்றேன். "இங்கயும் சிரிச்சவங்கதாங்க மாமா" என்றான் அவன். 2017-ல் தென்தீவின் ஒரு பண்ணையில் மாடுகளுக்கு மைக்கோபிளாஸ்மா போவிஸ் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதை ஒழித்தே தீருவது என்று அடுத்த ஆண்டு அரசு முடிவெடுத்தது. நோய் இருந்த பண்ணைகளில் மந்தை மந்தையாக மாடுகளை வெட்டுக்கு அனுப்பினார்கள். அதைப் பார்த்த பிறகு, அவன் பண்ணையின் வாசலில் பூட்ஸ் கழுவும் தொட்டியைத் தாண்டி யாரும் சும்மா போவதில்லை. நானும் கழுவிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

நம் குட்டைக்கு எது?

இப்போது கேள்விக்கு வருகிறேன். மூச்சு விடும் துணிக்காகக் காசைக் கொட்ட வேண்டாம். உள்ளே சூடும் ஈரமும் கூடுதலாக, வெளியே குறைவாக இருந்தால்தான் அந்தத் துணி ஆவியை வெளியே தள்ளும். நம் மே மாதப் புழுக்கத்தில் வெளியேயும் அதே கதி. பூட்ஸோடு சேர்ந்த, நெஞ்சளவு பிவிசி நைலான் போதும். சேற்றில் நிற்கிற வேலைக்கு பூட்ஸ் தனியாக இருக்கிற வகை உதவாது. காலுறைக்கும் பூட்ஸுக்கும் நடுவில் மணல் போய் உரசியே ஓட்டையாக்கிவிடும். வாங்கும்போது சொன்ன மூன்றையும், தையல், பட்டை, முழங்கால், தடவிப் பாருங்கள். வலையை விடியற்காலையில் இழுங்கள். பத்து மணி வெயிலில் இதைப் போட்டுக்கொண்டு நிற்பது ஆளுக்கு ஆகாது.

இடுப்பில் வார் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். தோளில் பட்டி இருக்கிறதே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். தடுக்கி விழுந்தால் மேல்வழியாகத் தண்ணீர் புகுவதை அந்த இடுப்பு வார்தான் தடுக்கும். உள்ளே புகுந்த தண்ணீர் ஆளைக் கீழே இழுக்காது, தண்ணீருக்குள் தண்ணீருக்குக் கனம் இல்லை. ஆனால், கரையேறும்போது அத்தனை கனமும் காலில் வந்து உட்காரும். பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட பண்ணைக்குட்டையில் இது உயிர் விஷயம். சரிவில் பாசி பிடித்து, வெறுங்காலோடு இருப்பவரே ஏற முடியாமல் வழுக்குகிற இடம் அது. இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிற்றைக் கரையில் முளையடித்துக் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்ட பிறகே இறங்க வேண்டும். தனியாக இறங்கவே கூடாது. ஆணி முளை வைத்த பூட்ஸ் அங்கே ஆகாது, விரிப்பைக் குத்திவிடும். காற்றூட்டி ஓடிக்கொண்டிருந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு இறங்குங்கள். ரப்பர் போட்டிருக்கிறோமே என்ற தைரியம் வேண்டாம். ஆற்றிலும் வாய்க்காலிலும் வெள்ளம் ஓடும்போது இந்த உடுப்பு எதற்கும் காவல் இல்லை.

கால் புண்ணுக்கு மட்டுமல்ல, எலிக்காய்ச்சலுக்கும் இது நல்ல தடுப்பு. எலி, மாட்டின் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியாக, புண்ணுள்ள தோலில் அந்தக் கிருமி நுழைகிறது. நியூசிலாந்தின் கறவைப் பண்ணைகளிலும் வேலையாட்களுக்கு இதே பயம் இருப்பதால் மாடுகளுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள்.

அந்த ஊரிடமிருந்து எடுத்துக்கொள்ள நினைப்பது கழுவுகிற பழக்கத்தைத்தான். நம் பக்கம் வலை இழுக்கும் குழு ஒரே நாளில் இரண்டு மூன்று ஊர்க் குட்டைகளில் இறங்குகிறது. மீன் பேனும், இறால் பண்ணையில் வெண்புள்ளி நோயும், ஈர வலையோடும் ஈர உடுப்போடும் பயணம் செய்யும். குழு வந்தால், கரையிலேயே ஒரு டிரம்மில் நல்ல தண்ணீர், சோப்புக் கரைசல், பிரஷ் வைத்துவிடுங்கள். முடிந்தால் உங்கள் குட்டைக்கென்று இரண்டு உடுப்பும் ஒரு வலையும் தனியாக வைத்துக்கொண்டு, குழுவினரை அதையே போடச் சொல்லுங்கள். இரண்டு பிவிசி உடுப்பின் விலையை ஒரு குட்டை மீனின் விலையோடு வைத்துப் பார்த்தால் இது செலவாகத் தெரியாது.

பராமரிப்பு எளிது. நல்ல தண்ணீரில் அலசி, உள்பக்கத்தைத் திருப்பி நிழலில் காயவைத்து, பூட்ஸ் மேலே வரும்படி தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். வெயிலில் போடக் கூடாது. மோட்டார் ரூமில் டீசல் கேனுக்குப் பக்கத்தில் வைத்தால் பூச்சு கெட்டுவிடும். ரப்பர் என்றால் பஞ்சர் கடைக் கரைசலே ஒட்டும். பிவிசிக்கு அது நிற்காது, பிவிசிக்கென்று விற்கிற பசையும் அதே துணியில் வெட்டிய துண்டும் வேண்டும். பூட்ஸுக்குள் நெல்லோ தவிடோ சிந்தியிருந்தால் தட்டிவிட்டு மாட்டுங்கள். எலி கடித்தால் ஓட்டை விழுவது பெரும்பாலும் காலடியில், ஒட்டுப் போடக் கை நுழையாத இடத்தில்.